காத்தைப் புடைச்சு நோயைப் பிடிக்கிற கதை

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஒட்டடை அடிச்சுட்டுத்தான் எழுத உட்கார வேண்டியிருக்கு. காணாமப் போனதுக்குக் காரணம் சோம்பேறித்தனம் பாதி, மீதி எங்க சித்தப்பா.

சித்தப்பாவுக்கு மூணு வாரமா இருமல். "புகைச்சல்டா, வேறொண்ணுமில்ல"ன்னு கஷாயம் குடிச்சுக்கிட்டு இருந்தார். சாயங்காலமானா லேசா காய்ச்சல். வேட்டி இடுப்புல நிக்கலைன்னு சித்தி சொன்னப்புறம்தான் எனக்கு உறைச்சது. இழுத்துக்கிட்டு அரசு மருத்துவமனைக்குப் போனேன். மறுநாள் காலையில எழுந்ததும் வர்ற சளியைச் சின்ன டப்பாவுல கொண்டுவரச் சொன்னாங்க. கொண்டுபோனோம். அங்க லேப்ல இருந்த பொண்ணு முகக்கவசத்தைச் சரி பண்ணிக்கிட்டு, அந்தச் சளியில ஏதோ திரவத்தை ஊத்திக் குலுக்கி, கால்மணி நேரம் வச்சு, ஒரு கைப்பிடி அளவு பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள விட்டு, நாலு கதவு வச்ச ஒரு மிஷினுக்குள்ள அதைச் செருகிக் கதவைச் சாத்திச்சு. பச்சை விளக்கு எரிஞ்சது. "ரெண்டு மணி நேரம் ஆகும் சார், சிபிநாட் டெஸ்ட்"ன்னுச்சு.

ரெண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தா நான் என்ன செய்வேன்னு உங்களுக்குத் தெரியாதா? போனை எடுத்து அந்த மிஷினோட பூர்வீகத்தைத் தேட ஆரம்பிச்சேன். அப்படியே ஆடிப்போயிட்டேன்.

அந்த மிஷினோட பேர் ஜீன்எக்ஸ்பர்ட். கலிஃபோர்னியா கம்பெனி செஃபீட் செஞ்சது. அதுக்குக் கிடைச்ச முதல் பெரிய வேலைகள்ல ஒண்ணு காசநோய் இல்லை. அமெரிக்கத் தபால் ஆபீஸ் காத்துல ஆந்த்ராக்ஸ் இருக்கான்னு பார்க்கிறது!

பழைய ஆளுங்களுக்கு ஞாபகமிருக்கும். 2001, செப்டம்பர் 11 முடிஞ்சு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, யாரோ ஆந்த்ராக்ஸ் பொடியைக் கடிதத்துல வச்சு பத்திரிகை ஆபீஸுக்கும் செனட்டர்களுக்கும் அனுப்பினாங்க. 5 பேர் செத்தாங்க, 17 பேருக்கு நோய் வந்து பிழைச்சாங்க. இதுல எனக்கு வயித்தெரிச்சலான பகுதி ஒண்ணு இருக்கு. செனட்டர் டாஷ்லுக்கு வந்த கடிதத்தைப் பிரிச்சது அக்டோபர் 15. அங்க இருந்தவங்களுக்கு உடனே பரிசோதனை, உடனே மாத்திரை. அந்தக் கடிதம் போன வழியில இருந்த வாஷிங்டன் பிரெண்ட்வுட் தபால் மையத்தை மூடினது அக்டோபர் 21. உறை ஒட்டித்தானே இருந்தது, உள்ள இருக்கிறது வெளிய எப்படி வரும்னு பெரியவங்க நினைச்சுட்டாங்க. தபால் பிரிக்கிற மிஷின் உறையை அமுக்கி, உருட்டி, விசிறுற வேகத்துல காகிதத்தோட நுண்துளை வழியாவே பொடி வெளிய வந்துடும்னு யாரும் யோசிக்கலை. அங்க வேலை பார்த்த ரெண்டு பேர் செத்துப் போனாங்க. கடிதம் எழுதினவனுக்கும் வாங்கவேண்டியவனுக்கும் நடுவுல இருந்தவங்க. அவ்வளவுதான் அவங்க செஞ்ச தப்பு.

அதுக்கப்புறம்தான் அமெரிக்கத் தபால் துறை ஒரு ஏற்பாடு பண்ணுச்சு. தபால் பிரிக்கிற மிஷினுக்கு மேலேயே உறிஞ்சுகுழாய். கடிதத்தை அமுக்குற இடத்துல கிளம்புற தூசியை இழுத்து, கொஞ்சூண்டு திரவத்துல கழுவி, அந்தத் திரவத்தை ஒரு பெட்டிக்குள்ள விட்டு, பெட்டி தானாவே பி.சி.ஆர். பண்ணிச் சொல்லும். ஒன்றரை மணி நேரத்துக்குள்ள விடை. அந்தப் பெட்டிதான் எங்க சித்தப்பா சளியை விழுங்கின பெட்டியோட அண்ணன்.

சரி, காத்துல மிதக்கிறதைப் பிடிக்கிறது எப்படின்னு கொஞ்சம் பார்த்துடுவோம். எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச இடம், கொட்டாவி விடாம கேளுங்க.

களத்துல நெல்லு தூத்துறதைப் பார்த்திருக்கீங்களா? முறத்துல அள்ளித் தலைக்கு மேல தூக்கிக் கொட்டுவாங்க. நெல்லு நேரா காலடியில விழும், பதர் காத்தோட போயிடும். கனமானது காத்து திரும்பினாலும் திரும்பாது. பஸ் வளைவுல சட்டுனு திரும்புறப்ப நின்னுக்கிட்டிருக்கிற குண்டு ஆசாமி ஜன்னல் பக்கம் போய் மோதுவாரே (அனுபவம் பேசுகிறது), அதே கணக்கு. காத்தை ஒரு சின்ன ஓட்டை வழியா வேகமா இழுத்து, நேர் எதிர்ல ஒரு தட்டை வச்சுட்டா, காத்து தட்டைச் சுத்தி வளைஞ்சு போயிடும். கனமான துகள் வளைய முடியாம தட்டுல போய் ஒட்டிக்கும். லேசானது தப்பிச்சுப் போகும். அடுத்த தட்டுக்கு ஓட்டையை இன்னும் சின்னதாக்கி வேகத்தைக் கூட்டினா, முன்னாடி தப்பிச்சதுல கொஞ்சம் இங்க மாட்டும். இப்படி வரிசையா வச்சா துகளை அளவுவாரியாப் பிரிச்சிடலாம். இங்கிலாந்தோட போர்ட்டன் டவுன்ல வேலை பார்த்த மே என்கிறவர் இந்த அடுக்குக் கருவியைப் பத்தி 1945-லயே எழுதிட்டார். ஆண்டர்சன் என்கிற அமெரிக்கர் 1958-ல வெளியிட்டது இன்னும் பிரபலம். ஆறு அடுக்கு, அடுக்குக்கு 400 ஓட்டை, ஒவ்வொண்ணுக்கும் கீழ கிருமி வளர்க்கிற தட்டு. நிமிஷத்துக்கு 28.3 லிட்டர் காத்து. மேல் தட்டுல மூக்கும் தொண்டையுமே பிடிச்சு நிறுத்திடுற பெருசுங்க. கீழ போகப்போக நுரையீரலோட அடி ஆழம் வரைக்கும் போற பொடிசுங்க. அந்தக் கருவியே ஒரு தகர நுரையீரல்தான்.

ஆபத்தானது அந்தப் பொடிசுங்கதான். ஒரு மைக்ரான்லேர்ந்து அஞ்சு மைக்ரான் வரைக்கும். நம்ம தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன்னா பார்த்துக்குங்க.

இதுக்கப்புறம் வந்த சாமான்கள் நிறைய. காத்தைச் சுழலவிட்டுச் சுவத்துல துகளை ஒட்டவைக்கிற சுழல்கருவி உண்டு. புற ஊதா ஒளியை அடிச்சா உயிர்ப்பொருள்ல இருக்கிற சில மூலக்கூறுகள் மினுங்கும், அதை வச்சு உயிருள்ள வகையா, வெறும் தூசியான்னு ஒரு சந்தேகப் பட்டியல் போடுற கருவியும் உண்டு. ஆனா மகரந்தமும் பூஞ்சையும் டீசல் புகையில சிலதும்கூட மினுங்கித் தொலைக்கும். காத்துன்னா காலி இல்லீங்க. அது ஒரு குப்பைத்தொட்டி. நாம தேடுறது அந்தக் குப்பையில ஒரே ஒரு கடுகு.

இப்ப என் கட்சிக்கு வர்றேன். துகளைப் பிடிக்கிறதுல மனுஷன் கெட்டிக்காரனாயிட்டான். எங்க பிடிக்கணும், பிடிச்சப்புறம் என்ன செய்யணும் என்கிறதுலதான் கோட்டை விட்டுட்டான்.

தபால் ஆபீஸ் சமாச்சாரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அங்க ஏற்கெனவே ஒரு தடவை வந்திருக்கு. வந்தா எந்த மிஷின் வழியா வரும்னு தெரியும். ஒன்றரை மணி நேரத்துல தெரிஞ்சா யாரை வெளிய அனுப்பணும், யாருக்கு மாத்திரை குடுக்கணும்னு கையில பட்டியல் இருக்கு. சந்தோஷம்.

ஆனா அதே சமயத்துல, 2003-ல, பயோவாட்ச்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. முப்பதுக்கு மேற்பட்ட அமெரிக்க நகரங்கள்ல ஊரோட காத்தையே வடிகட்டிப் பார்க்கிற திட்டம். பம்பு காத்தை இழுக்கும், உள்ள ஒரு வடிதாள். தினம் ஒரு ஆள் வந்து வடிதாளை எடுத்துக்கிட்டு லேபுக்குப் போவார். அங்க பி.சி.ஆர். காத்துல கலந்ததுலேர்ந்து சேதி வர 12 மணி நேரத்துலேர்ந்து 36 மணி நேரம் வரைக்கும். அதுக்குள்ள ஊரே வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து மறுபடி ஆபீஸுக்கு வந்துடும், அது வேற விஷயம்.

ஆரம்பிச்ச வருஷமே, அக்டோபர் 2003-ல, ஹூஸ்டன்ல மணி அடிச்சது. துலரீமியா கிருமி. முயல் காய்ச்சல்னு சொல்வாங்க. யாருக்கும் நோய் வரலை. 2005 செப்டம்பர்ல வாஷிங்டன் நடு மைதானத்துல போருக்கு எதிரா பெரிய ஊர்வலம், புத்தகத் திருவிழா, லட்சக்கணக்குல ஜனம். அதே கிருமி வடிதாள்ல. விஷயம் ஜனங்களுக்குத் தெரிய கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆச்சு. அப்பவும் யாருக்கும் எதுவும் ஆகலை. 2003-லேர்ந்து 2014 வரைக்கும் இப்படி 149 தடவை மணி அடிச்சிருக்குன்னு அமெரிக்க அரசோட தணிக்கை அலுவலகமே எழுதியிருக்கு. ஒண்ணுகூடத் தாக்குதல் இல்லை.

இதுல மிஷின் பொய் சொல்லலைங்கிறதுதான் வேடிக்கை. அந்தக் கிருமியும் அதோட சாதுவான ஒண்ணுவிட்ட தம்பிமாரும் மண்ணுலயும் தண்ணியிலயும் இயல்பாவே இருக்கிற ஆளுங்க. காத்தடிச்சா தூசியோட மேல வரும். வடிதாள்ல சிக்கும். பி.சி.ஆர்.க்கு அது உயிரோட இருக்கா செத்ததான்னு தெரியாது, யாரோ தூவினதா தானா வந்ததான்னும் தெரியாது. மரபணு இருக்கா இல்லையா, அவ்வளவுதான் அதோட வேலை.

கணக்கும் உதைக்குது. ஒரு பேச்சுக்கு 500 கருவின்னு வைங்க. வருஷத்துக்கு 1,82,500 பரிசோதனை. பத்தாயிரத்துல ஒண்ணுதான் தப்புன்னாலும் (இது ரொம்ப நல்ல மிஷின்!) வருஷத்துக்கு 18 தடவை வீண் கூப்பாடு. நிஜத் தாக்குதலோ பத்து வருஷத்துல ஒண்ணுகூட இல்லை. இப்ப நீங்க அந்த ஊர் சுகாதார அதிகாரி. ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வருது. ஊரைக் காலி பண்ணுவீங்களா? லட்சம் பேருக்கு மாத்திரை குடுப்பீங்களா? இல்லை, விடியட்டும்னு திரும்பிப் படுப்பீங்களா? அங்க இருந்தவங்க செஞ்சதும் கிட்டத்தட்ட அதுதான். பயோவாட்ச் மணி அடிச்சுதேன்னு ஊரைக் காலி பண்ணினதாவோ மருந்து விநியோகிச்சதாவோ அந்த வருஷங்கள்ல ஒரு சம்பவமும் இல்லை. அவங்களை நான் குத்தம் சொல்லலை. புத்திசாலிங்க. ஆனா யாரும் எழுந்திருக்கப் போறதில்லைன்னா அலாரம் எதுக்கு? கருவிக்குள்ளயே பரிசோதனையும் பண்ற அடுத்த தலைமுறை ஒண்ணை வாங்கப் பார்த்தாங்க. செலவும் சந்தேகமும் ஏறிக்கிட்டே போக, 2014 ஏப்ரல்ல அதையும் கைவிட்டாங்க.

"அப்ப நிஜமாவே ஒருநாள் நடந்தா?"ன்னு பின்னூட்டத்துல யாராவது கேப்பீங்க. நியாயமான கேள்வி. நடந்திருக்கு. 1979 ஏப்ரல் 2, சோவியத் ஊர் ஸ்வெர்த்லோவ்ஸ்க். ராணுவ ஆய்வு மையம் ஒண்ணுலேர்ந்து ஆந்த்ராக்ஸ் கசிஞ்சது. வேலை முடிஞ்சு அடைபட்ட வடிகட்டியைக் கழட்டினவங்க புதுசு மாட்டலை, அது பதிவேட்லயும் ஏறலைன்னு அந்தத் துறையிலேயே பெரிய பதவியில இருந்து பின்னாடி அமெரிக்காவுக்கு வந்த கென் அலிபெக் எழுதியிருக்கார். குறைஞ்சது 66 பேர் செத்தாங்க. அரசாங்கம் கெட்டுப்போன மாமிசம்னுச்சு. பல வருஷம் அதையே சொல்லுச்சு. 1992-ல யெல்ட்சின்தான் ராணுவம்தான் காரணம்னு ஒத்துக்கிட்டார். அப்புறம் மெசல்சன் என்கிற விஞ்ஞானியும் அவர் குழுவும் அங்க போய், செத்தவங்க, நோய்ப்பட்டவங்க வீட்டுக் கதவைத் தட்டி, அன்னிக்குப் பகல்ல அவங்க எங்க இருந்தாங்கன்னு கேட்டு வரைபடத்துல புள்ளி வச்சாங்க. பெரும்பாலான புள்ளிங்க ஒரு ஒல்லியான பட்டையில விழுந்துச்சு. அந்த மையத்துலேர்ந்து தொடங்கி ஊரோட தெற்கு ஓரம் வரைக்கும் சுமார் 4 கிலோமீட்டர். அதே திசையில 50 கிலோமீட்டர் தள்ளி வரைக்கும் கிராமத்து ஆடுமாடு செத்திருக்கு. அன்னிக்குக் காத்து வீசின திசையும் அதே. 1994-ல கட்டுரையா வந்தது.

அந்த ஊர்ல காத்தைப் பிடிச்ச கருவி ஜனங்களோட நுரையீரல். அளவு காட்டினது சுடுகாடு. அந்த ஊர்ல சிலர் வாரக்கணக்கு கழிச்சுத்தான் படுத்தாங்க. முன்னாடியே தெரிஞ்சிருந்தா மாத்திரையாலயே நிறைய பேரைக் காப்பாத்தியிருக்கலாம். அதனால காத்தைச் சோதிக்கிறதே வீண்னு நான் சொல்ல வரலை. இன்னும் சொல்லப்போனா, அங்க வடிகட்டி இருக்கவேண்டிய இடம் எதுன்னு சந்தேகமே கிடையாது. ஆபத்தை வச்சிருக்கிற கட்டடத்தோட குழாய்வாய். ஊர் முழுக்க இல்லை. தெரிஞ்சவங்க அன்னிக்கே வாயைத் திறந்திருந்தா ஒரு கருவியும் தேவைப்பட்டிருக்காது.

ரசாயன சமாச்சாரமும் இதே லட்சணம்தான். போபால் ஆலையில 1984-க்கு முன்னாடி சின்னச்சின்ன வாயுக் கசிவு வந்தா தொழிலாளிங்க எப்படிக் கண்டுபிடிச்சாங்க தெரியுமா? கண்ணு எரியும். அதுதான் கருவி. முப்பத்தொன்பது வருஷம் கழிச்சு, 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர்ல அமோனியா கசிஞ்சப்பவும் தூங்கிக்கிட்டிருந்த ஜனங்களை எழுப்பினது மூக்கும் தொண்டையும்தான். எந்த வாயு, எந்தக் குழாய், எந்தத் தெரு, எல்லாம் முன்கூட்டியே தெரிஞ்ச இடம் இது. இங்க வேலிக்கு ஒரு கருவின்னு வச்சா பொய் மணி, மெய் மணி குழப்பமே பெருசா வராது.

இப்ப மறுபடி மருத்துவமனைக்கு வாங்க.

காத்துல மிதந்து வந்து, நுரையீரலோட அடிவரைக்கும் போய், ஆளைக் கொல்ற கிருமின்னா முதல் பேர் ஆந்த்ராக்ஸ் இல்லை, காசநோய். அதை யாரும் தூவ வேண்டாம், இருமினாப் போதும். உலகத்துக் காசநோயாளிகள்ல நாலுல ஒருத்தர் நம்ம நாட்டுக்காரர். இது காத்து வழியாத்தான் பரவுதுன்னு நிரூபிச்ச பரிசோதனையே ஒரு காத்துச் சேகரிப்புதான். 1950-கள்ல பால்ட்டிமோர் மருத்துவமனை ஒண்ணுல வெல்ஸும் ரைலியும் ஆறு படுக்கை வார்டோட காத்தைக் குழாய் வழியா மாடிக்குக் கொண்டுபோய், அங்க கூண்டுல சுமார் 150 கினிப் பன்றிகளைச் சுவாசிக்கவிட்டாங்க. ஒண்ணு ரெண்டா அதுங்களுக்கு நோய் வந்துச்சு. நோயாளி பக்கத்துல போகாத, தொடாத பிராணிங்க. வெறும் காத்து மட்டும்தான் போச்சு.

ஆந்த்ராக்ஸ் பயத்துல தபால் ஆபீஸுக்குப் போன அந்தப் பெட்டியைக் காசநோய்க்குப் பயன்படுத்தலாம்னு 2010 டிசம்பர்ல உலக சுகாதார நிறுவனம் சொன்னதுதான், என்னைக் கேட்டா, அந்தப் பயத்துல விளைஞ்ச ஒரே நல்ல வெள்ளாமை. அப்பவும் பெட்டி சும்மா வரலை. ஏழை நாடுகளுக்கு அந்த ஒரு கைப்பிடி பிளாஸ்டிக்கை 9.98 டாலருக்குக் குடுக்கறதா 2012-ல ஒத்துக்கிட்டாங்க. அப்புறம் 2023-ல 7.97-க்கு இறங்கினாங்க. அதுக்கும் எத்தனையோ பேர் வருஷக்கணக்குல கத்த வேண்டியிருந்தது. ஊர்க்காத்தை வடிகட்டக் கேள்வி கேக்காம காசு வரும். ஒருத்தர் சளியைச் சோதிக்க மட்டும் ஒவ்வொரு சென்ட்டுக்கும் பேரம்.

சித்தப்பாவுக்கு ரெண்டு மணி நேரத்துல விடை வந்தது. கிருமி இருக்கு, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அடங்குற வகை. பழைய முறையில அந்த ரெண்டாவது விஷயம் தெரிய வாரக்கணக்குல காத்திருக்கணும். அன்னிக்கே மாத்திரை கைக்கு வந்துடுச்சு.

ஆனா அந்த ரெண்டு மணி நேரம் நாங்க உட்கார்ந்திருந்த இடத்தைச் சொல்லணும். (எந்த ஊர்னு சொல்ல மாட்டேன், அந்த லேப் பொண்ணுக்கு வம்பு வேணாம்.) நீளமான வராந்தா. வெயில் அடிக்குதுன்னு ஒரு பக்கம் முழுக்கப் பலகை வச்சு அடைச்சிருந்தாங்க. இருந்த ரெண்டு ஜன்னல்ல ஒண்ணு பழைய பீரோவுக்குப் பின்னாடி. முப்பது, நாற்பது பேர். பாதிப் பேர் இருமிக்கிட்டு. ஒரு அம்மா இடுப்புல கைக்குழந்தை, பரிசோதனைக்கு வந்தது அந்தம்மாவோட மாமியார். கூட்டிட்டு வர வேற ஆள் இல்லையாம். வெல்ஸும் ரைலியும் மாடியில வச்ச கூண்டு எனக்கு அப்ப ஞாபகம் வந்துச்சு.

அந்த வராந்தாவுல ஆண்டர்சன் கருவி வேண்டாம். வடிதாள் வேண்டாம். அங்க என்ன மிதக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். அந்தப் பலகையை எடுத்தாப் போதும். பீரோவைப் பத்தடி தள்ளினாப் போதும்.

நான் போய் ஒரு ஊழியர்கிட்ட சொன்னேன். "நாங்களும் எழுதிப் போட்டிருக்கோம் சார்"னார். அவர் குரல்ல சலிப்புதான் இருந்தது, கோபம் இல்லை. அப்புறம் நானும் இன்னொருத்தரும் சேர்ந்து பீரோவைத் தள்ளிப் பார்த்தோம். நகரலை. உள்ள முழுக்கப் பழைய பதிவேடு.

பி.கு: நலம் விசாரிச்சு மின்னஞ்சல் போட்டவங்களுக்கு நன்றி. சித்தப்பாவுக்கு ஆறு மாசக் கோர்ஸ் போன வாரம் முடிஞ்சது. ஒன்பது கிலோ ஏறியிருக்கார். மாத்திரை ஆரம்பிச்ச முதல் நாள் சிறுநீர் சிவப்பாப் போகுதுன்னு ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணி என்னைக் கலங்கடிச்சார். மருந்தோட நிறம்தான் அதுன்னு சொல்லியும் மூணு நாள் நம்பலை. கடைசிப் பரிசோதனைக்கு அதே வராந்தாவுக்குத்தான் போனோம். பீரோ அங்கேயேதான் இருக்கு.